மருதானையிலிருந்து பசறை வீதி வரை

பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்யும் ஒருவர் ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து கணிதம் படித்தவள். பின்னர் பெரிய பாடசாலைக்குப் போய் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் தேறியிருந்தாள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலிருந்து வந்த கடிதத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். வாசித்துச் சொன்னேன். பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். பாடநெறி, தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"ஸேர், தேயிலைக்கும் டிகிரி இருக்கா? நாலு தலைமொறையா நாங்க படிச்ச படிப்பு அதுதானே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் போன பின்பு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த நாட்டில் தொழில்நுட்பக் கல்வி யாருக்காக, எங்கே தொடங்கியது? அது நம் மலைக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் எடுத்தது? நான் வரலாற்றாசிரியன் அல்லன். ஆசிரிய கலாசாலையில் பயின்று கிராமத்துப் பாடசாலையில் கற்பிப்பவன். ஆயினும் பாடசாலை வாசலில் நிற்பவனுக்குத் தெரியும் சில விடயங்கள் உண்டு. அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

1893ஆம் ஆண்டு கொழும்பு மருதானையில் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை ஆரம்பிக்கப்பட்டது. பின்னாளில் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுவே. அதே ஆண்டில்தான் மலைநாட்டுப் புகையிரதப் பாதை அப்புத்தளையை எட்டியது. அடுத்த ஆண்டு பண்டாரவளைக்கு வந்தது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் போக அதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1924இல்தான் பதுளை நிலையம் திறக்கப்பட்டது. தெமோதரையில் பாதை தன்னையே சுற்றி, தன் அடியிலேயே புகுந்து போகும் அந்த வளையத்தை எங்கள் பிள்ளைகள் இன்றும் வாய் பிளந்து பார்க்கிறார்கள். பொறியியல் என்றால் என்னவென்று நான் வகுப்பில் விளக்குவதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதை மலைக்கு ஏறி வந்தது. அதைக் கற்பிக்கும் கல்வி கீழே மருதானையிலேயே நின்றுவிட்டது. பாறை உடைத்தவர்களும், மண் சுமந்தவர்களும், பாதையின் இரு மருங்கிலும் தேயிலை நட்டவர்களும் இங்கே இருந்தார்கள். அளவு எடுத்தவர்களும் வரைபடம் வரைந்தவர்களும் வேறிடத்திலிருந்து வந்தார்கள்.

மருதானையில் பயின்றவர்களுள் ஒருவர் டி. ஜே. விமலசுரேந்திர. மலைநாட்டு அருவிகளைக் கொண்டு இந்த நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று கணக்கிட்டு 1918இல் ஆய்வுக் கட்டுரை வாசித்தவர். அன்றைய ஆட்சியாளர்கள் அதை இலேசில் ஏற்கவில்லை. லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல்தான். நம் மலையின் நீரிலிருந்து பிறந்த மின்சாரம் முதலில் கொழும்புக்குப் போயிற்று. லயத்து அறைகளில் அதற்குப் பின்பும் பல பத்தாண்டுகள் குப்பி விளக்குதான் எரிந்தது. இந்தக் குப்பி விளக்கை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் அது மீண்டும் வரும்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியது. அதன் பொறியியற் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி, 1964இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. பல்கலைக்கழகம் கொழும்பில் அமைவதா கண்டிப் பக்கத்தில் அமைவதா என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெரிய வாதம் நடந்தது. மலைநாடே வேண்டும் என்று உறுதியாக நின்றவர்களுள் முக்கியமானவர் நீதியரசர் எம். ரி. அக்பர். மலாய் முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தவர். பேராதனையில் அவர் பெயரால் இன்றும் ஒரு மாணவர் விடுதி உண்டு. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே தங்கியிருக்கிறார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டால் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விடயம்.

பேராதனைப் பொறியியற் பீடம் தமிழுலகத்துக்குத் தந்த பெரியவர் பேராசிரியர் அழகையா துரைராஜா. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த காலத்தில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் களிமண்ணின் இயல்பு பற்றி அவர் எழுதிய கட்டுரை, இன்றும் உலகெங்கும் மண் பொறியியல் படிப்பவர்கள் கடந்து செல்லும் படிக்கட்டு. பேராதனையில் பீடாதிபதியாக இருந்தார். பின்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பொறுப்பேற்று, போரின் நடுவே அதைக் காத்து, 1994இல் மறைந்தார். உலகின் எந்தப் பல்கலைக்கழகமும் வரவேற்றிருக்கக்கூடிய ஒருவர், சைக்கிளில் போய்வரும் ஊரில் இருந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இதை ஒரு தடவையேனும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டுபெத்தையின் கதை வேறு. 1960இல் கனடாவின் உதவியோடு அங்கே செய்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் ஒன்று தொடங்கப்பட்டது. 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரே பல்கலைக்கழகமாக்கப்பட்டபோது கட்டுபெத்தை வளாகம் என்று அழைக்கப்பட்டது. 1978 டிசம்பரில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்ற தனிப்பெயர் பெற்றது. பேராதனை போல மாணவர் எல்லோரும் விடுதியில் தங்கி வாழும் சோலைவனமாக அது திட்டமிடப்படவில்லை. பொல்கொட வாவிக் கரையில், தச்சர்களின் ஊரில், பட்டறைகளோடு வளர்ந்த இடம் அது. பிள்ளைகளில் பலர் சுற்றுவட்டார வீடுகளில் அறை எடுத்துத் தங்கிப் படித்தார்கள். பட்டம் மட்டுமன்றித் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவும் அங்கே வழங்கப்பட்டது. இன்று கணினித் துறையில் அதன் பெயர் உலகறிந்தது. கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில், உலகப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைதான்.

இனி நாம் வழக்கமாக மெல்லக் கடந்துபோகும் ஓர் இடத்துக்கு வருகிறேன். அதுதான் தரப்படுத்தல்.

1971ஆம் ஆண்டு பல்கலைக்கழக அனுமதியில் பொறியியற் பீடத்துக்குத் தமிழ் மொழியில் எழுதியவர்களுக்கு 250 புள்ளிகளும் சிங்கள மொழியில் எழுதியவர்களுக்கு 227 புள்ளிகளும் தேவை என்று வகுக்கப்பட்டது. இதனால் யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மனம் எப்படிப் புண்பட்டது, அது நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் ஒன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கோடு மொழியால் வகுக்கப்பட்டது. ஆகவே தமிழில் பரீட்சை எழுதிய முஸ்லிம் பிள்ளையும், மலையகத்துத் தோட்டப் பிள்ளையும் அதே 250இன் கீழேதான் நின்றார்கள். யாழ்ப்பாணத்தின் ஆய்வுகூடங்கள் அவர்களுக்குக் கிடைத்ததில்லை. யாழ்ப்பாணத்தின் தண்டனை மட்டும் கிடைத்தது. அக்காலத்தில் கல்வியமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்கும் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களுக்கும் அவர் செய்த பணி பெரியது. இரண்டும் வரலாறு. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிட்டால் அது புகழ்மாலையாகவோ வசையாகவோ போய்விடும்.

1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது நிலைமை மாறியது. பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகளுக்கு வாசல் கொஞ்சம் திறந்தது. கிழக்கிலும் மலைநாட்டிலும் இருந்த தமிழ் பேசும் பிள்ளைகள் சிலர் அதனால் உள்ளே போனார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மூடிய கதவு அம்பாறைப் பிள்ளைக்குத் திறந்தது என்பது கசப்பான உண்மை. இன்று விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகிறது. பதுளை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆனால் கோட்டா மாவட்டத்தைத்தான் பார்க்கும். மாவட்டத்துக்குள்ளே இருக்கும் மேட்டையும் பள்ளத்தையும் பார்க்காது. பதுளை நகரத்து டாக்டரின் மகனும் பூனாகலைக் கொழுந்துக்காரியின் மகளும் அதற்கு ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள்.

தோட்டத்துப் பிள்ளை எவ்வளவு பிந்தி ஓட்டத்தில் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. மூன்றாண்டு கழித்து, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்கள் பெரும்பாலும் நாடற்றவர்கள் ஆனார்கள். தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். இலவசக் கல்வி லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தது ஒரு தலைமுறை பிந்தி.

நம் சமூகத்திலும் விழிப்பு ஒருசிலரின் உழைப்பால்தான் வந்தது. கல்முனையில் அரச அதிகாரியாகப் பணிசெய்த காலத்தில் ஏழைப் பிள்ளைகளின் நிலையை நேரில் கண்ட ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். பின்பு சிவில் சேவையையே விட்டுவிட்டு 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்தார். உயர் பதவியை விட்டு ஒருவர் பாடசாலைக்கு வருவதை இன்று யாராவது செய்வார்களா என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு. அந்த நிதி தொடங்கி அரை நூற்றாண்டு கழித்து, 1995இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. மறு ஆண்டே பல்கலைக்கழகமாயிற்று. 2012இல் அங்கே பொறியியற் பீடமும் வந்தது.

இனி என் வீட்டுக் கதை. என் பெரியம்மாவின் மகன் ஒருவர் 1986இல் கட்டுபெத்தைக்குப் போனார். எனக்கு அப்போது ஏழு வயது. பண்டாரவளை நிலையத்தில் நானாவை வழியனுப்பப் போனது நினைவிருக்கிறது. வரைபலகையை ஒரு பழைய சாரத்தில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பெரியம்மா அதைப் பார்த்து, "இது என்ன மவன், ரொட்டி தட்டுற பலகையா?" என்று கேட்டார். மேடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ரயில் நகர்ந்ததும் பெரியம்மா அழுதார்.

நானா படித்தது ஓராண்டும் சொச்சமும்தான். 1987 முதல் 1989 வரை நாடே எரிந்தது. பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூடியே கிடந்தன. எத்தனையோ மாணவர்கள் காணாமற் போனார்கள். 1989இல் கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் ஸ்டான்லி விஜேசுந்தரவும், மொறட்டுவையின் துணைவேந்தர் பேராசிரியர் பட்டுவத்தவிதானவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நானா அந்நாட்களில் பண்டாரவளையில் மாமாவின் கடையில் துணி அளந்துகொண்டிருந்தார். இரவில் கடை பூட்டிய பின்பு கணிதப் புத்தகத்தைத் திறப்பார். "கணக்கு மறந்து போகாது, இங்கிலீஷ்தான் மறந்து போகுது" என்று சொல்வார். தமிழில் உயர்தரம் எழுதிப் போனவருக்கு அங்கே எல்லா விரிவுரையும் ஆங்கிலத்தில். முதல் மாதம் பேராசிரியர் சொன்னதில் பாதி புரியவில்லையாம். கரும்பலகையில் சமன்பாடு வரும்போது மட்டும் மூச்சு வந்ததாம்.

அவருக்குக் கைகொடுத்தது 'குப்பி'. பல்கலைக்கழக மாணவர்கள் பரீட்சைக்கு முன்னர், விளங்கிக்கொண்ட ஒருவனைச் சுற்றி விளங்காதவர்கள் எல்லாம் உட்கார்ந்து படிக்கும் வகுப்புக்கு அந்தப் பெயர். குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர் என்பார்கள். சம்பளமில்லை, வருகைப் பதிவில்லை. சிங்களப் பையன் தமிழ்ப் பையனுக்கும், முஸ்லிம் பையன் இருவருக்கும் சொல்லிக்கொடுத்த இடம் அது. மின்சாரம் வராத லயத்தில் எரிந்த அதே விளக்கின் பெயர், பொறியியல் படிப்பவர்களின் வாயிலும் வழங்குகிறது. நானா 1990இல் திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தார். பின்பு வளைகுடாவில் தொழில் செய்தார். இன்றும் அவர் சொல்வது, தன்னைப் பொறியியலாளன் ஆக்கியவர்கள் பேராசிரியர்கள் பாதி, குப்பி மீதி என்பதே.

இருட்டையும் சொல்ல வேண்டும். 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குப் புதிதாகப் போன ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இறந்தான். அதையடுத்து 1998இல் பகிடிவதைத் தடைச் சட்டம், 20ஆம் இலக்கச் சட்டம், நிறைவேறியது. சட்டம் இருக்கிறது, பகிடிவதை அடியோடு ஒழியவில்லை. மூத்தவன் இளையவனுக்கு இரவு முழுக்க இருந்து குப்பி எடுப்பதும் அதே விடுதியில்தான். மூத்தவன் இளையவனை இரவு முழுக்க நிற்க வைத்து வதைப்பதும் அதே விடுதியில்தான். பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு இரண்டையும் சொல்லியே அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி.

நானாவைப் பார்த்து எனக்கும் கணிதப் பிரிவில் ஆசை. சாதாரணதரத்தில் கணிதத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தேன். ஆனால் நான் போகக்கூடிய தூரத்தில் இருந்த பாடசாலையில் தமிழ் மொழியில் பௌதிகவியல் கற்பிக்க ஆசிரியர் இருக்கவில்லை. வெளியூரில் தங்கிப் படிக்க வாப்பாவிடம் காசு இருக்கவில்லை. கலைப்பிரிவில் சேர்ந்தேன். பிறகு கலாசாலை, பிறகு நியமனம். இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆசிரியர் இல்லாத காரணத்தால் ஒருவனின் வாழ்க்கை எப்படித் திரும்புகிறது என்பதற்கு நானே சாட்சி. அதனால்தான் ஒரு நாள் லீவு போடுவதற்கும் நான் இருமுறை யோசிக்கிறேன்.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 யூன் முதலாம் திகதி பதுளை பசறை வீதியில் நிறுவப்பட்டது. மறு ஆண்டு முதல் தொகுதி மாணவர்கள் வந்தார்கள். 1818இல் வெள்ளையருக்கு எதிராகக் கிளர்ந்து, அதற்காக வயலும் குளமும் அழிக்கப்பட்ட மண்ணின் பெயரை அது தாங்கி நிற்கிறது. நாட்டின் இயற்கை வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதே அதன் நோக்கம் என்று வகுத்தார்கள். விலங்கு விஞ்ஞானம், ஏற்றுமதி விவசாயம், கனிய வளம், கணினி, தேயிலை, முகாமைத்துவம் என்று பாடநெறிகள் அமைந்தன. 1890இல் லிப்டன் தம்பேதன்னையில் தொழிற்சாலை கட்டினார். நம் தேயிலையைப் பைக்கற்றில் அடைத்து உலகுக்கு விற்று அவர் பெரும் பணக்காரர் ஆனார். பெறுமதி சேர்த்தல் என்றால் என்ன என்பதை ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அவர் காட்டிவிட்டார். அதை நம் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்ல ஒரு பல்கலைக்கழகம் வரத்தான் இவ்வளவு காலம்.

ஆனால் மாவட்டத்தில் பல்கலைக்கழகம் இருப்பது வேறு, மாவட்டத்துப் பிள்ளை அதில் இருப்பது வேறு. நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள், வரத்தான் வேண்டும். பசறை பஸ்ஸில் அதன் வாசலைக் கடந்து கொழுந்து மலைக்குப் போகும் பெண்ணின் பிள்ளை உள்ளே இறங்க வேண்டுமானால், அதற்கான வாசல் பசறை வீதியில் இல்லை. அது தோட்டப் பாடசாலையின் ஆறாம் வகுப்புக் கணித பாடத்தில் இருக்கிறது. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமானபோது நல்ல வாய்ப்பு என்று மகிழ்ந்தோம். அதற்கும் ஆய்வுகூடம் வேண்டும், தமிழில் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். கட்டடம் திறக்க வருபவர்கள் ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு வருவதில்லை.

மொறட்டுவைப் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர்கள் உயர்தரப் பிள்ளைகளுக்காக முன்னோடிப் பரீட்சை நடத்தி வருகிறார்கள். அந்த வினாத்தாள்களை நான் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகங்களின் முஸ்லிம் மஜ்லிஸ்களும் தமிழ்ச் சங்கங்களும் இப்படியான பணிகளில் ஈடுபடுவது மகிழ்ச்சிக்குரியது. அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. உயர்தரத்துக்கு வந்த பிள்ளை ஏற்கெனவே பாதி மலை ஏறிவிட்டது. இன்னும் கீழே வாருங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு வாருங்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு வாரம் ஒரு தோட்டப் பாடசாலையில் குப்பி எடுங்கள். நம் எழுத்தாளர்களும் கவியரங்குக்குச் செலவாகும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்குத் தரலாம்.

அந்தப் பிள்ளை முதல் விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தாள். தகப்பனும் கூட வந்திருந்தார். என்னம்மா படிக்கிறீங்க என்று கேட்டேன். வாட்டுவது, அரைப்பது, காய்ச்சுவது என்று தொழிற்சாலை வேலைகளை வரிசையாகச் சொன்னாள். ஆடி, ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு மட்டும் வரும் அந்தத் தனி மணம் பற்றியும் சொன்னாள். வரண்ட கச்சான் காற்று அடிக்கும்போது செடி வாடி, கொழுந்துக்குள் மணமுள்ள சேர்மங்கள் கூடுகின்றனவாம்.

தகப்பன் உடனே, "கச்சான் அடிச்சா கொழுந்து மணக்கும்னு எங்க தாத்தாவே சொல்லுவாரே. அதையா ஒங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லித் தாறாங்க?" என்றார்.

"அப்பா சொன்னதுதான் ஸேர் புத்தகத்திலயும் இருக்கு," என்றாள் அவள். "ஆனா ஏன் மணக்குதுன்னு அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

தகப்பன் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். போகும்போது அவளுடைய புத்தகப் பையை அவரே தோளில் போட்டுக்கொண்டார்.